படத்தில் உள்ள எழுத்து, எழுத்துதானா? குறைபார்வையுடையோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்து இடும் அட்டவணை, நீரிழிவுக்கான உணவுப் பட்டியல், அடுத்த பரிசோதனைக்கான நாள், காப்பீட்டுக்குத் தேவையான தாள்களின் விவரம் ஆகியவை இன்று பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே நோயாளியை வந்தடைகின்றன. அவற்றுள் பல தட்டச்சு செய்த செய்தியாக வருவதில்லை. அழகாக வடிவமைத்த வண்ணப் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ வருகின்றன. "எழுத்து சிறிதாக இருக்கிறது, படிக்க இயலவில்லை" என்று வீட்டுப் பெரியவர் கூறினால், "இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள்" என்று இளையவர்கள் வழி சொல்கின்றனர். சிலருக்கு அது போதுமானதாக இருக்கிறது. குறைபார்வையுடைய பலருக்கோ, விரித்த பின்னும் படிக்க இயலுவதில்லை. பார்வை முற்றிலும் போய்விட்டதோ என்ற அச்சம் அவர்களுக்கு அப்போது எழுகிறது.

கண் மருத்துவப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் இக்குறைக்குக் கண் மட்டுமே காரணமன்று. எழுத்து எவ்வடிவில் வந்து சேர்ந்தது என்பதும் காரணமாகும். திரையில் நாம் காணும் எழுத்துகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. சில எழுத்துகளை நம் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ளலாம். சிலவற்றைப் பார்க்க மட்டுமே இயலும். இவ்வேறுபாட்டையும், அதனை வீட்டிலேயே கண்டறியும் முறையையும், கண்டறிந்த பின் செய்ய வேண்டியதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

ஒவ்வொரு கண்ணின் தேவையும் வேறு

குறைபார்வை என்றவுடன் "எழுத்து பெரிதாக இருந்தால் போதும்" என்று எண்ணுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

கண்புரை உடையவர்க்கு ஒளி சிதறுவதால் வெண்மையான பின்னணி கூசும்; மங்கிய சாம்பல் நிற எழுத்து அதில் கரைந்துவிடும். அவர்க்குப் பெரிய எழுத்தைக் காட்டிலும், கரும்பின்னணியில் வெள்ளெழுத்து பெரும்பாலும் உதவும். விழித்திரையின் மையப்பகுதியான மாகுலா சிதைந்தவர்க்கு, நேராக நோக்கும் இடமே மறைந்துபோகும். பக்கப் பார்வையால் படிக்க வேண்டியிருப்பதால் பெரிய எழுத்தும், எழுத்துகளுக்கும் வரிகளுக்கும் இடையே நல்ல இடைவெளியும் தேவை. நீரிழிவு விழித்திரை நோயில் பார்வைப் பரப்பில் ஆங்காங்கே திட்டுகள் தோன்றக்கூடும். ஒரு சொல்லின் நடுவெழுத்து மட்டும் காணாமற் போகலாம். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் முற்றியவர்க்கோ பார்வை குழாய்போல் சுருங்கியிருக்கும். அவர்க்கு எழுத்தை மிகுதியாகப் பெரிதாக்கினால், ஒரே நோக்கில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டுமே அகப்படும். அவருக்கு ஓரளவான எழுத்தும் குறுகிய வரியுமே ஏற்றவை.

ஆகவே, "எல்லோர்க்கும் ஏற்ற ஓர் அளவு" என ஒன்று இல்லை. அளவு, நிறம், இடைவெளி, எழுத்துருவம் ஆகியவற்றைப் படிப்பவரே தம் கண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்ள இயல வேண்டும். வலைத்தளங்களையும் மின்னணுக் கோப்புகளையும் உடற்குறை உடையோரும் பயன்படுத்துமாறு அமைப்பதனை இணைய அணுகல்தன்மை என்பர். அதன் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று.

எழுத்து திரைக்கு வரும் மூன்று வடிவங்கள்

இங்கே ஒரு சிறு பாடம் தேவைப்படுகிறது. கணினிச் சொற்களைக் கண்டு வாசகர்கள் தயங்க வேண்டியதில்லை. வாசலில் இடும் கோலமே இதனை விளக்கப் போதும்.

முதல் வடிவம், புள்ளிகளால் ஆன படம். கைப்பேசியில் எடுத்த நிழற்படமும், வாட்ஸ்அப்பில் வரும் வாழ்த்துப் படமும் இவ்வகை. கோலத்தை நிழற்படம் எடுத்து அதனைப் பெரிதாக்கினால், ஓரளவுக்குப் பின் கோடுகள் கட்டம் கட்டமாக உடைந்து மங்கும். படம் என்பது பிக்சல் எனும் நுண்ணிய வண்ணக் கட்டங்களின் தொகுப்பு மட்டுமே. அதில் "இது ககரம், இது மகரம்" என்ற செய்தி எதுவும் இல்லை.

இரண்டாம் வடிவம், வெக்டர் படத்துள் கோடுகளாக மாற்றப்பட்ட எழுத்து. வெக்டர் படம் என்பது நிழற்படம் அன்று. வரையும் முறையைச் சொல்லும் குறிப்பு. "ஏழு புள்ளி, ஏழு வரிசை, இப்புள்ளியிலிருந்து அப்புள்ளிக்கு வளைத்து இழு" என்று கோலநூல் சொல்வதைப் போன்றது. அக்குறிப்பைக் கொண்டு உள்ளங்கை அளவிலும் வரையலாம், தெருவடைத்தும் வரையலாம், கோடு மங்காது. வலைத்தளங்களில் இதற்கெனப் பயன்படும் எஸ்.வி.ஜி. எனும் வடிவம் 2001ஆம் ஆண்டில் தரநிலையாக வெளியிடப்பட்டது. பி.டி.எஃப். கோப்புகளிலும் வெக்டர் வரைவு இடம்பெறுகிறது. எனினும் வடிவமைப்பாளர் எழுத்தையும் கோடுகளாக மாற்றிவிட்டால், அது எவர்சில்வர் பாத்திரத்தில் பொறித்த பெயரைப் போன்றதாகிவிடும். கண்ணால் படிக்கலாம், ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது வளைகோடுகளின் கூட்டமே.

மூன்றாம் வடிவம், எழுத்தாகவே நிற்கும் எழுத்து. தட்டச்சு செய்த செய்தியும், வலைத்தளத்தின் கட்டுரைப் பகுதியும், முறையாக ஆக்கப்பட்ட பி.டி.எஃப். கோப்பும் இவ்வகை. வெக்டர் படத்திற்குள்ளும் எழுத்தை எழுத்தாகவே வைக்க இயலும். இங்குக் கணினி "இச்சொல் மருந்து" என்பதை அறியும். ஆதலால் தேடித் தரும், உரக்கப் படிக்கும், வேறு நிறத்திலும் வேறு எழுத்துருவிலும் காட்டும்.

மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். குழப்பம் தொடங்குவது இங்குதான்.

மங்காமல் பெரிதானால் போதாதா?

"வெக்டர் படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவாக இருக்குமே, பிறகென்ன குறை?" என்ற வினா நியாயமானது. அதற்கு விடை காண ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

கண் மருத்துவமனைகளில் தொங்கும் எழுத்து அட்டையின் முறையை 1862இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்நெல்லன் எனும் மருத்துவர் வகுத்தளித்தார். 6/60 பார்வை என்றால், இயல்பான கண் 60 மீட்டரிலிருந்து இனங்காணும் எழுத்தை இவர் 6 மீட்டரிலிருந்தே இனங்காண்கிறார் என்பது பொருள். இப்பார்வையுடையவர் 40 சென்டிமீட்டர் தொலைவில் கைப்பேசியைப் பிடித்தால், அவர் இனங்காணக்கூடிய மிகச்சிறிய எழுத்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இனங்காண்பது வேறு, தடையின்றிப் படிப்பது வேறு. சரளமாகப் படிக்க அதைப்போல் இருமடங்காவது தேவை என்று கொண்டால் 12 மில்லிமீட்டர் ஆகிறது.

கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். தமிழ் எழுத்து அகன்றது. 12 மில்லிமீட்டர் அளவில் ஒரு வரிக்கு ஐந்தாறு எழுத்துகளே அடங்கும். படத்தில் உள்ள வரியில் 40 எழுத்துகள் இருப்பின், அவ்வரியை முடிக்க ஏழு திரை அகலம் வலப்புறம் நகர்த்த வேண்டும். பிறகு ஏழு திரை அகலம் இடப்புறம் திரும்பி வந்து, அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டும். மாகுலா சிதைந்தவர் இவ்வாறு திரும்பும்போது மேல்வரியிலோ கீழ்வரியிலோ தவறி விழுவது இயல்பு. சொட்டு மருந்து அட்டவணையில் வரி தவறுவது என்பது, ஒரு மருந்துக்குரிய வேளையை மற்றொரு மருந்துக்குரியதாகப் படிப்பதாகும்.

எழுத்து மங்கவில்லை, தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் பயன்படவில்லை. கோடுகளாக மாறிய எழுத்து பெரிதாகும்போது, வரி மடிந்து திரைக்குள் அடங்குவதில்லை. எழுத்தாகவே நிற்கும் எழுத்தில், அளவைக் கூட்டினால் வரி தானாகவே மடிந்து கீழே இறங்கும். மேலிருந்து கீழாகப் படித்துச் செல்லலாம். பக்கவாட்டில் நகர்த்த வேண்டியதில்லை. பெரிதாவது வேறு, படிப்பவர்க்கு வசப்படுவது வேறு என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

நிறமும் அவ்வாறே. கைப்பேசியில் எழுத்தின் நிறத்தையோ பின்னணியையோ மாற்றினால், எழுத்தாக உள்ள பகுதி மாறும். படமாக உள்ள பகுதி பழைய நிறத்திலேயே நிற்கும். திரை முழுவதன் நிறத்தையும் தலைகீழாக்கும் வசதி உண்டு. ஆனால் மஞ்சள் எழுத்து நீலமாகும், பச்சை இளஞ்சிவப்பாகும், உடன் உள்ள கண்ணின் படமும் அடையாளம் தெரியாமல் மாறும். எழுத்திடைவெளி, எழுத்துருவம் ஆகியவற்றைப் படத்தில் மாற்றவே இயலாது. உரக்கப் படிக்கும் வசதிக்கும், படத்தைச் செய்தவர் தனியே விளக்கம் எழுதி வைக்காவிடில், "படம்" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இராது.

எழுத்தாகவே வைத்த வெக்டர் படம் முழுத் தீர்வா?

ஓரளவுக்குத் தீர்வாகும், முழுமையாக அன்று. இதனை மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வலைத்தளம் அமைக்கும் பணியில் உள்ள குடும்பத்தினர் சற்றுக் கூர்ந்து படிக்குமாறு வேண்டுகிறோம்.

எஸ்.வி.ஜி. படத்தில் எழுத்தை எழுத்தாகவே வைத்திருந்தாலும், அதனை வலைப்பக்கத்தில் எவ்வாறு இணைத்தார்கள் என்பது முக்கியம். நிழற்படத்தை இணைப்பதுபோல் தனிக்கோப்பாக இணைத்தால், அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளாகிவிடும். படிப்பவர் தம் உலாவியில் செய்யும் எழுத்துரு, நிற மாற்றங்கள் பெட்டிக்குள் செல்வதில்லை. சொல்லைத் தொட்டுத் தெரிவுசெய்யவும் இயலாது. படத்தின் குறிமுறையைப் பக்கத்தின் உள்ளேயே நேரடியாக எழுதினால், எழுத்து வெளிப்படும். தேடலாம், தெரிவுசெய்யலாம், உரக்கப் படிக்கச் செய்யலாம், நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றலாம்.

அப்போதும் ஒரு குறை எஞ்சுகிறது. எஸ்.வி.ஜி. படத்தில் ஒவ்வொரு சொல்லும் "இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு" என்று இடம் குறித்து வைக்கப்படுகிறது. எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் அது பக்கத்துச் சொல்லின்மேல் ஏறும். அல்லது கட்டத்திற்கு வெளியே வழியும். வரியும் பொதுவாகத் தானாக மடிவதில்லை. ஆகவே கண்ணின் உட்பகுதிகளைக் காட்டும் படத்தில் "கருவிழி", "வில்லை", "விழித்திரை" என ஓரிரு சொற்கள் குறிப்பதற்கு இது நன்று. பத்து வரி அறிவுரைக்கு ஏற்றதன்று. படத்தில் படம் இருக்கட்டும். அறிவுரை அதன் கீழே எழுத்தாக இருக்கட்டும்.

தமிழுக்கு உரிய சில சிக்கல்கள்

தமிழ் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றும் வழக்கம் வடிவமைப்பாளரிடையே பரவியிருப்பதற்குக் காரணம் உண்டு. "கொ" என்ற எழுத்தில் உயிர்மெய்யின் குறி இருபுறமும் நிற்கிறது. தமிழுக்கான எழுத்துருவோ அதனைக் கோக்கும் திறனோ இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், கொம்பும் காலும் இடம் மாறிச் சொல் சிதையும். அவ்வச்சத்தால் அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைக் கோடாக்கிவிடுகின்றனர். காகிதத்தில் அச்சிட அது சரியே. அதே கோப்பை வலைத்தளத்திலும் ஏற்றிவிடும்போதுதான் குறை நேர்கிறது. எழுத்துருவைக் கோப்புடன் சேர்த்து வைத்தால், எழுத்தை எழுத்தாகவே விட்டும் சிதையாமல் காட்டலாம்.

இன்னொரு சிக்கல் பழைய எழுத்துருக்களால் வருவது. யூனிகோடு முறைக்கு முந்தைய சில தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அவற்றால் ஆக்கிய கோப்பில் சொல்லைத் தெரிவுசெய்ய இயலும்; திரையிலும் தமிழாகத் தோன்றும். ஆனால் அதனை நகலெடுத்து வேறிடத்தில் இட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். உரக்கப் படிக்கச் செய்தால் உளறலாக ஒலிக்கும். எழுத்துபோல் தோன்றினும் அது கணினிக்குத் தமிழ் எழுத்தன்று.

மூன்றாவது, புள்ளி. "பல்" என்பதற்கும் "பல" என்பதற்கும் வேறுபாடு மெய்யெழுத்தின் மேல் நிற்கும் ஒரு புள்ளியே. படம் மங்கும்போதும், மாறுபாடு குறையும்போதும் முதலில் மறைவது அப்புள்ளிதான். சொல்லில் புள்ளி மறைந்தால் முன்பின் பார்த்துப் பொருள் கொள்ளலாம். எண்ணில் மறைந்தால் அவ்வாறு செய்ய இயலாது: 0.5 என்பதில் புள்ளி தெரியாவிடில் 05 என்றும் 5 என்றும் கொள்ள நேரிடும். மருந்தின் அளவில் அது பத்து மடங்கு வேறுபாடு.

தரநிலையும் சட்டமும் கூறுவன

வலைத்தளங்களுக்கான பொது விதிகளை டபிள்யூ3சி எனும் பன்னாட்டு அமைப்பு வகுக்கிறது. அணுகல்தன்மைக்கான அதன் வழிகாட்டுநெறிகளின் இரண்டாம் பதிப்பு 2008 திசம்பரில் வெளியாயிற்று. 2018இலும் 2023இலும் விரிவாக்கப்பட்டது. அதில் 1.4.5 எனும் எண்ணுள்ள விதி நம் பொருளை நேராகத் தொடுகிறது: எழுத்தைக் கொண்டே தேவையான தோற்றத்தைத் தர இயலுமாயின், எழுத்தின் படத்தைப் பயன்படுத்தலாகாது. இரண்டு விலக்குகள் உண்டு. படிப்பவர் தம் தேவைக்கேற்ப அப்படத்தின் எழுத்துத் தோற்றத்தை மாற்றிக்கொள்ள இயலுமாயின் பயன்படுத்தலாம்; நிறுவனச் சின்னம்போல் குறிப்பிட்ட தோற்றமே இன்றியமையாததாக இருப்பினும் பயன்படுத்தலாம். வெக்டர் படம் என்ற ஒரே காரணத்தால் முதல் விலக்கு கிடைத்துவிடாது. அளவு, எழுத்துருவம், நிறம், பின்னணி ஆகியவற்றை மாற்ற இயல்கிறதா என்பதே உரைகல்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இருக்க வேண்டிய ஒளி வேறுபாட்டையும் அந்நெறிகள் வரையறுக்கின்றன: சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. இவ்வெண்ணுக்குப் பின் கண் மருத்துவம் இருக்கிறது. ஏறத்தாழ 6/12 பார்வை உடையவர் இழக்கும் மாறுபாட்டுணர்வை ஈடுசெய்யவே 4.5 என வகுத்தனர். 6/24 அளவுக்குக் குறைந்தவர்க்காக 7 என்ற உயர்ந்த அளவும் உண்டு. வெண்மையின் மேல் கருமை 21க்கு 1. வெண்மையின் மேல் தூய சிவப்பு ஏறத்தாழ 4க்கு 1 மட்டுமே. "முக்கியம்" என்று காட்டச் சிவப்பு மையில் எழுதும் சிறிய எச்சரிக்கை இவ்வளவீட்டில் தேறுவதில்லை. வெண்மையின் மேல் மஞ்சளோ ஏறத்தாழ 1.07; இல்லாததற்குச் சமம்.

நம் நாட்டில், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள செய்திகள் யாவரும் அணுகும் வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவில் கூறுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையுடன் இணைந்தது என்று தீர்ப்பளித்தது. ஆதலால், "எனக்குப் படிக்கக்கூடிய வடிவில் தாருங்கள்" என்று கேட்பது உரிமையைக் கேட்பதாகும். அதில் நாணமோ தயக்கமோ வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

ஒரு செய்தியோ கோப்போ வந்தால், குடும்பத்தினர் ஒருவர் உடனிருந்து பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. சொல்லின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அச்சொல் மட்டும் நிறம் மாறித் தெரிவாயின் அது எழுத்து. எதுவும் நிகழாவிடில், அல்லது படம் முழுவதும் தெரிவாயின், அது பெரும்பாலும் படமே. (சில புதிய கைப்பேசிகள் படத்திலிருந்தும் எழுத்தைக் கண்டறிந்து தெரிவுசெய்யும், எனவே மற்றச் சோதனைகளையும் செய்க.)

2. தெரிவான சொல்லை நகலெடுத்து, வேறொரு செய்திப் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நன்று. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால், பழைய எழுத்துருவில் ஆக்கிய கோப்பு அது.

3. கைப்பேசியின் செட்டிங்ஸ் பகுதியில் எழுத்தளவைக் கூட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். எழுத்து பெரிதாகி வரி மடிகிறதா? சில செயலிகளிலும் உலாவிகளிலும் எழுத்தளவை அவற்றுள்ளேயே தனியே கூட்ட வேண்டியிருக்கும்.

4. பின்னணியைக் கருமையாக மாற்றுங்கள். எழுத்து வெண்மையாகிறதா, அல்லது ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் மாறாமல் கூசுகிறதா?

5. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் எனும் உரக்கப் படிக்கும் வசதியை இயக்கிக் கேளுங்கள். சொற்கள் வரிசை மாறாமல் ஒலிக்கின்றனவா? அட்டவணையில் மருந்தின் பெயரும் அதற்குரிய வேளையும் அடுத்தடுத்து வருகின்றனவா?

படமாகவே வந்துவிட்டால்

முதலாவது, அனுப்பியவரிடமே எழுத்தாகக் கேளுங்கள். "இதனைத் தட்டச்சு செய்து அனுப்ப இயலுமா? பார்வைக் குறை உள்ளது" என்ற ஒரு வரி போதும். குரல் பதிவாகக் கேட்பதும் நன்று. 6/60 அளவுக்குப் பார்வை குறைந்தவர்க்கு நீண்ட அறிவுரைகளைப் படிப்பதைக் காட்டிலும் கேட்பதே எளிது.

இரண்டாவது, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கூகுள் லென்ஸ் போன்ற வசதிகளைப் பொதுச் செய்திகளுக்குப் பயன்படுத்தலாம். மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றுக்கு அதனை மட்டும் நம்பலாகாது. தசமப் புள்ளியையும் கையெழுத்தையும் அவை பிறழக் கொள்ளக்கூடும். பார்வை நன்றாக உள்ள ஒருவர் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பின்பற்றுங்கள்.

மூன்றாவது, கைப்பேசியைச் சற்று அருகில் கொண்டுவாருங்கள். 40 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் எழுத்து கண்ணுக்கு இருமடங்காகத் தோன்றும். முதியவர்க்கு அத்தொலைவுக்கேற்ற கண்ணாடி தேவைப்படும். அதனைக் குறைபார்வைப் பிரிவில் கேட்டுப் பெறலாம்.

நான்காவது, சொட்டு மருந்துக் குப்பிகளை எழுத்தை நம்பாமல் இனங்காண வழி செய்யுங்கள். ஒன்றுக்கு ஒரு ரப்பர் வளையம், மற்றொன்றுக்கு இரண்டு வளையம் என இட்டு, எது எதற்கு என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

குடும்பத்தினர் சிலர் கேட்கும் வினாக்கள்

வெக்டர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்காமல் வருமா?
பொதுவாக இல்லை. அனுப்பும் முன்பே அது பிக்சல் படமாக மாற்றப்பட்டிருக்கும். அனுப்பும்போது மேலும் சுருக்கப்படும். கோப்பாக அனுப்பினால் தெளிவு ஓரளவு காக்கப்படும். எழுத்தாக அனுப்புவதே மேல்.

அச்சிட்ட தாளை வருடி எடுத்த பி.டி.எஃப். எவ்வகையைச் சாரும்?
அது நிழற்படமே; பி.டி.எஃப். என்ற பெயர் அதனை எழுத்தாக்கிவிடாது. கணினியிலிருந்து நேரடியாகப் பெற்ற அறிக்கையைக் கேளுங்கள்.

எழுத்தை மிகப் பெரிதாக வைத்துப் படித்தால் கண் சோம்பிவிடுமா? அருகில் வைத்துப் படித்தால் நோய் முற்றுமா?
பெரிய எழுத்தாலோ, அருகில் வைத்துப் படிப்பதாலோ கண்புரை, கிளாக்கோமா, விழித்திரை நோய்கள் முற்றுவதில்லை. களைப்பு வந்தால் சற்று ஓய்வு கொடுத்துத் தொடரலாம்.

ஓர் எச்சரிக்கை

எழுத்து படிக்க இயலாமைக்கு எப்போதும் கைப்பேசியையோ படத்தையோ காரணமாகக் கொள்ளலாகாது. நேற்றுவரை படித்த அதே அளவு எழுத்தை இன்று படிக்க இயலாவிடில், நேர்வரிகள் வளைந்தோ நெளிந்தோ தோன்றினால், சொல்லின் நடுவே கரும்புள்ளி நின்றால், திடீரென மிதக்கும் புள்ளிகளோ மின்னல் கீற்றுகளோ தென்பட்டால், அல்லது அறுவைச் சிகிச்சை செய்த கண்ணில் வலியும் சிவப்பும் பார்வைக் குறைவும் சேர்ந்து வந்தால், அன்றே கண் மருத்துவரை அணுகுங்கள். ஒவ்வொரு கண்ணையும் மாறி மாறி மூடிக்கொண்டு, நன்கு பழகிய அளவுள்ள எழுத்து ஒன்றை வாரம் ஒருமுறை படித்துப் பாருங்கள். மாற்றம் உடனே தெரியவரும்.

தொகுத்துக் கூறின்: மங்காத படம் எல்லாம் படிக்கத்தக்க படம் ஆகாது. வெக்டர் படத்துள் எழுத்து எழுத்தாகவே நின்று, பக்கத்துடன் முறையாக இணைந்திருந்தால் ஓரளவு நம் விருப்பத்திற்கு வளையும். கோடாக மாறியிருந்தால் வளையாது. உயிர் காக்கும் அறிவுரைகளுக்கு எளிய எழுத்தே சிறந்த வடிவம். இம்மடலின் மின்பதிப்பையும் மேற்கூறிய ஐந்து சோதனைகளுக்கு உட்படுத்திப் பாருங்கள். எங்கேனும் எழுத்து உங்களுக்கு வசப்படவில்லையெனில், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது எங்களிடம் தெரிவியுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வருகையில், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கைப்பேசியையும் கண்ணாடியையும் தவறாமல் உடன் கொண்டுவாருங்கள். உங்கள் கண்ணுக்கேற்ற எழுத்தளவையும் நிறத்தையும் சேர்ந்தே அமைத்துக்கொள்வோம்.